பேரூராட்சியில் வீடு கட்ட அனுமதி: பத்திரத்தில் 4 சென்ட், பட்டாவில் குறைகிறது

வைகைக்கரையான்:
வணக்கம். எனக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஊர் தேனி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. பழைய ஓட்டு வீடு போன ஐப்பசி மழையில் சமையல்கட்டுப் பக்கம் சரிந்துவிட்டது. அம்மா திண்ணையில் அடுப்பு வைத்துச் சமைக்கிறார். அதே இடத்தில் 850 சதுர அடிக்குத் தரைத்தளம் மட்டும் கட்ட வேண்டும்.

கொத்தனார் எங்களுக்குப் பங்காளி முறை. "இந்தத் தெருவுல எவன்டா அப்ரூவல் வாங்குனான்? நல்ல நாள் பாரு, வானம் தோண்டுவோம்" என்கிறார். பேங்கில் லோன் கேட்டால் முதல் கேள்வியே அப்ரூவல் எங்கே என்பதுதான்.

மூன்று தடவை லீவு போட்டுப் பேரூராட்சி ஆபீசுக்கு அலைந்தேன். முதல் தடவை இ.ஓ. (செயல் அலுவலர்) மீட்டிங்கில். அடுத்த தடவை "ஆன்லைன்ல போடுங்க". மூன்றாம் தடவைதான் ஒருத்தர் பேப்பரைப் புரட்டிப் பார்த்து, "பத்திரமும் பட்டாவும் இடிக்குதே" என்றார். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எனக்கு 4 சென்ட், சித்தப்பாவுக்கு 4 சென்ட். பட்டா இன்னும் கூட்டுப் பட்டா, விஸ்தீரணம் 0-03.00 என்று இருக்கிறது. இதற்கு என்ன வழி?

மச்சுவீடு:
கொத்தனார் சொல்றதக் கேளுங்க பாஸ். வரியக் கட்டுனா போதும், எவனும் வந்து பாக்க மாட்டான்.

ஸ்கேல்பென்சில்:
மேல சொன்னவர் லோன் வாங்காம கட்டியிருப்பார். நீங்க அப்படி இல்லையே தம்பி.

22 வருஷமா உசிலம்பட்டிப் பக்கம் பிளான் போடுறேன். உங்க சிக்கல் பேரூராட்சியில இல்ல, தாலுகா ஆபீஸ்ல இருக்கு. 0-03.00னா 3 ஏர், அதாவது 300 சதுர மீட்டர். 10.764ஆல பெருக்குங்க, 3,229 சதுர அடி வரும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஆக மொத்தமே 7.41 சென்ட்தான். பத்திரத்துல எட்டுன்னு எழுதிட்டாங்க. பாதியாப் பிரிச்சா ஆளுக்கு 1,614 சதுர அடி. 4 சென்ட்டுன்னா 1,742 இருக்கணும். 128 சதுர அடிய யாரும் திருடல, அது தரையில எப்பவுமே இல்ல. பத்திரம் எழுதுனப்ப யாரும் டேப் பிடிச்சிருக்க மாட்டாங்க.

இ-சேவை மையத்துல உட்பிரிவோட, அதாவது இடத்த அளந்து ரெண்டாப் பிரிச்சு, பட்டா மாறுதலுக்கு மனு போடுங்க. சர்வேயர் அளக்க வர்ற அன்னைக்கு சித்தப்பாவும் பக்கத்து இடத்துக்காரங்களும் நிக்கணும், இல்லன்னா திரும்ப ஒரு தேதி. தனிப்பட்டாவும் புலப்படமும் (இடத்தோட சர்வே வரைபடம்) கைக்கு வந்தப்புறம், பட்டாவுல என்ன அளவோ அந்த அளவுக்குப் பிளான் போடுங்க. பத்திரத்து அளவை மறந்துடுங்க.

அதுக்கப்புறம் வேலை சுலபம். 2024 ஜூலையில சுயசான்றுத் திட்டம் வந்துச்சு. மனை 2,500 சதுர அடிக்குள்ள, வீடு 3,500 சதுர அடிக்குள்ள, தரைத்தளமோ மேல ஒரு மாடியோ இருந்தா ஒற்றைச்சாளர இணையதளத்துல ஏத்திப் பணம் கட்டுங்க, க்யூஆர் கோடோட அனுமதி வந்துடும். முன்கூட்டி இடம் பாக்க யாரும் வர மாட்டாங்க. பணி முடிப்புச் சான்றும் கேக்க மாட்டாங்க. ஆனா பேரே சுயசான்று. தப்பா எழுதுனா பதில் சொல்ல வேண்டியது நீங்கதான். மழைநீர் சேகரிப்பு அமைப்ப வரைபடத்துல காட்ட மறக்காதீங்க, 2003லேருந்து கட்டாயம். வாஸ்துக்காரர் யாராச்சும் இருந்தா பிளான் போடுறதுக்கு முன்னாடியே கூட்டிட்டு வாங்க. போட்டப்புறம் நிலைவாசல மாத்தச் சொல்லி என் உசுர எடுத்தவங்க உண்டு.

உங்களது பூர்வீக இடம். விலைக்கு வாங்குன மனைன்னா அங்கீகாரம் இருக்கான்னு தனியாப் பாக்கணும்.

கறம்பக்குடி மருமகள்:
தம்பி, நாங்களும் இதே மாதிரி ஒரு கொத்தனார் பேச்சைக் கேட்டவங்க. அனுமதி இல்லாமலே பேஸ்மட்டம் போட்டு, பில்லர் கம்பியும் நிறுத்தியாச்சு. அப்புறம் பேங்க் கைய விரிச்சிட்டாங்க. எட்டு மாசம் அந்தக் கம்பி மழையில நனைஞ்சு துருப்பிடிச்சு நின்னுச்சு. போற வர்றவங்க எல்லாம் "எப்ப கிரகப்பிரவேசம்?"னு கேப்பாங்க. என் ஆரம் அடகுல போச்சு.

சித்தப்பாவப் பாக்கப் போறப்ப அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. பேப்பர மொதல்ல நீட்டாதீங்க.

வைகைக்கரையான்:
இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அக்கா சொன்ன மாதிரியே அம்மாவோடு போனேன். சித்தப்பா "128 அடிய நானா தின்னுட்டேன்?" என்று குதித்தார். ஸ்கேல்பென்சில் அண்ணன் போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதி, அவருக்கும் அதே அளவு குறைகிறது என்று காட்டியதும் சத்தம் அடங்கியது. சர்வேயர் போன வாரம் வந்து அளந்தார். என் பங்கு 0-01.49, அதாவது 1,604 சதுர அடி. எல்லைக்கல், முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம் விழுந்தது. மரம் இப்போது எங்களுடையது. காய் எப்போதும் போல சித்தியே பறிக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டார்.

அண்ணே, அந்த மரத்தை வெட்டாமல் பின்பக்கம் இடம் விட்டுப் பிளான் போட முடியுமா?

ஸ்கேல்பென்சில்:
போடலாம். செப்டிக் டேங்க மட்டும் எதிர் மூலைக்குத் தள்ளுங்க, முருங்கை வேர் சும்மா இருக்காது.