மறைந்த கூத்து வாத்தியாரின் பாடல்களை விழா மலரில் அச்சிடலாமா?

கேள்வி (கலவை வாசகர்):

கலவைக்கு அருகிலுள்ள எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவுக்காக ஒரு மலர் தயாரித்து வருகிறோம். இங்கே பல ஆண்டுகள் பாரதக் கூத்து ஆடிய வாத்தியார் ஒருவர், தாமே கட்டிய பாடல்களை எழுதி வைத்த கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. விருத்தம், தரு என்ற பாட்டு வகைக் குறிப்புகள் சிவப்பு மையிலும் பாட்டு நீல மையிலும் உள்ளன. துரியோதனன் வீழும் படுகளப் பகுதித் தாள்களின் ஓரம் மட்டும் எண்ணெய் படிந்து கறுத்திருக்கிறது. 1986இல் காலமான அவர், தம் ஜமாவில் (கூத்துக் குழுவில்) மத்தளம் வாசித்த என் தாத்தாவிடம் முன்பே அந்த நோட்டைக் கொடுத்துவிட்டார். படுகளப் பாடல்கள் முழுவதையும் வில்லிபாரதச் செய்யுள்கள் சிலவற்றையும் அச்சிட விரும்புகிறோம். விற்று வரும் தொகை கோயிலுக்கே போவதால் யாரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை என்று ஊரில் சொல்கிறார்கள். அது சரியா?

பதில் (வேலூர் வழக்கறிஞர்):

சரியன்று, ஐயா. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவரின் உரிமை அவர் வாழ்நாள் முழுவதும் இருந்து, அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து மேலும் 60 ஆண்டுகள் நீடிக்கும். எனவே இப்பாடல்களுக்கு 2046 முடியும் வரை உரிமை உண்டு, பதிவு செய்யாததால் அது இல்லாமல் போய்விடாது. ஆசிரியர் இறந்த பிறகே முதன்முதலாக வெளிவரும் எழுத்துக்கு, வெளிவந்த ஆண்டை வைத்து 60 ஆண்டுகளைக் கணக்கிட வேண்டும் என்கிறது பிரிவு 24. ஆயினும் மக்கள் முன் ஆடிப் பாடப்பட்டதை வெளியிடப்பட்டதாகவே அப்பிரிவு கொள்வதால், வாத்தியார் காலத்திலேயே களரி ஏறிய (கூத்தில் ஆடிப் பாடப்பட்ட) பாடல்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஒருமுறையும் ஆடாத பாட்டு நோட்டில் இருந்தால் அதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

தாளும் மையும் உங்கள் குடும்பத்துக்கு வந்துவிட்டன. பாடல்களை அச்சிடும் உரிமையோ, வாத்தியார் எழுத்து மூலம் யாருக்கும் மாற்றித் தராதவரை, அவருடைய வாரிசுகளிடமே இருக்கிறது.

பிரிவு 52 சில பயன்பாடுகளை அனுமதி இன்றியே செய்ய இடம் தருகிறது. வாத்தியாரின் படுகளப் பாடல்கள் எப்படிக் கட்டப்பட்டுள்ளன என்று ஆராய்ந்து மலரில் ஒரு கட்டுரை எழுதி, அதற்குத் தேவையான வரிகளை அவர் பெயருடன் மேற்கோள் காட்டலாம். நான்கு வரி, பத்து விழுக்காடு என்று பலரும் சொல்லும் அளவு எதுவும் சட்டத்தில் இல்லை. நோக்கத்துக்கு எவ்வளவு தேவை என்பதையே நீதிமன்றம் பார்க்கும். சமயச் சடங்கின்போது பாடுவதற்கும் ஆடுவதற்கும் அதே பிரிவில் விலக்கு உண்டு என்பதால் ஊரில் குழப்பம் வந்திருக்கலாம். அது அச்சுக்கு உதவாது. வில்லிபுத்தூராரின் செய்யுள்களுக்குத் தடை ஏதுமில்லை, அண்மைக்கால உரையை மட்டும் அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

பதில் (ஆற்காடு, அச்சக ஊழியர்):

இத்தகைய மலர் ஒன்றை ஐந்நூறு பிரதி அடித்துத் தைத்து முடித்த பிறகு, பாடலாசிரியரின் மகன் வந்து, தந்தையின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லையே என்று கண் கலங்கினார். பணம் எதுவும் கேட்கவில்லை. இரவு முழுவதும் உட்கார்ந்து, பெயர் அச்சிட்ட துண்டுத் தாளை ஒவ்வொரு பிரதியிலும் பசை தடவி ஒட்டினோம். பெயரை முதலிலேயே போட்டுவிடுங்கள். அனுமதிக் கடிதத்தில் எந்தெந்தப் பாடல்கள், எத்தனை பிரதிகள், இணையத்திலும் ஏற்றலாமா, எத்தனை ஆண்டுகளுக்கு என்பனவற்றை எழுதி வாங்குங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை ஐந்தாண்டு என்றே எடுத்துக்கொள்ளும்.

கலவை வாசகர்:

இருவருக்கும் நன்றி. வாத்தியாரின் மகள் திமிரியில் இருக்கிறார். மகன் இறந்துவிட்டார், அவருக்கு இரண்டு பிள்ளைகள். மகளிடம் மட்டும் கையெழுத்து வாங்கினால் போதுமா?

வேலூர் வழக்கறிஞர்:

மூவரிடமும் வாங்குங்கள். போகும்போது நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள். தந்தையின் கையெழுத்தை அந்த அம்மா பார்த்து எத்தனை ஆண்டுகள் ஆயிற்றோ.