முதல் முறை கொலு: 5 படி, கலசம், சுண்டல் பற்றிச் சில சந்தேகங்கள்

புதுக்கொலு: மகாளய அமாவாசையன்றே படி கட்டிவிடலாமா? கலசத்தில் தண்ணீரா, அரிசியா? பாசிப்பயறு சுண்டல் ஏன் குழைந்துபோகிறது? இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்றும் சொன்னால் நல்லது.

படிக்கட்டு: அமாவாசையன்று படி கட்டி, மரப்பாச்சியை முதலில் வையுங்கள். கலசம் மறுநாள் பிரதமையில். படி ஒற்றைப்படையில் இருக்க வேண்டும், 5 சரிதான். பலகையின் நடுப்பகுதிதான் தொய்யும். கனமான மண் பொம்மைகளை இரு ஓரத்திலும் தாங்கும் கால்களுக்கு நேராக வையுங்கள். படிமேல் விரிக்கும் வேட்டியைப் பலகைக்கு அடியில் மடித்து இறுக்காவிட்டால் பொம்மை சாயும். செட்டியார் கடை பொம்மைகள் கீழ்ப்படியில். பழைய பொம்மையை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், வர்ணம் கையோடு வரும். உலர்ந்த பிரஷ் போதும்.

கலசம் தண்ணீரானால் முக்கால் அளவுதான். தேங்காயின் அடி நீரில் பட்டால் பத்து நாளில் அழுகி நாறும். சொம்பின் வாயைவிடப் பெரிய காயாகப் பாருங்கள். ஃப்ளாட்டுக்கு அரிசி வசதி. பிறகு பாயசத்துக்கு ஆகும்.

சுண்டல்மாமி: பாசிப்பயறைக் குக்கரில் போட்டால் குழையத்தான் செய்யும். 4 மணி நேரம் ஊறவைத்து, திறந்த பாத்திரத்தில் வேகவிட்டு, நசுக்கினால் உடையும் பதத்தில் உடனே வடித்துவிடுங்கள். மூடி வைத்தால் அந்தச் சூட்டிலேயே மேலும் வெந்துவிடும். கொண்டைக்கடலைக்கு இரவு முழுக்க ஊறல், பிறகு 4 விசில். கால் கிலோ கடலை 10, 12 பேருக்குக் காணும். தேங்காய்த்துருவலைச் சூட்டோடு கலந்து டப்பாவில் அடைத்தால் மாலைக்குள் ஊசிவிடும், ஆறியபின் கலக்கவும். நைவேத்தியம் என்பதால் வெங்காயம், பூண்டு கூடாது.

பழையகதை: விஜயநகர அரசர்கள் நவராத்திரியை மகாநவமி என்ற பெயரில் பெரிதாகக் கொண்டாடினார்கள். 1443-இல் அங்கே வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் அந்த விழாவை எழுதிவைத்திருக்கிறார். அவர்கள் தலைநகரான ஹம்பியில் மகாநவமி மேடை இன்றும் நிற்கிறது. மைசூர் உடையார்கள் 1610-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தசராவைத் தொடங்கினார்கள். இங்கே ராமநாதபுரம் சேதுபதிகள் அரண்மனையில் ராஜராஜேஸ்வரி அம்மனுக்கு நவராத்திரி விழா எடுத்தார்கள். அரசர்களின் விழா என்பதால்தான் ஆயுதபூஜையும் இதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது என் கணிப்பு.

படிக்கட்டு: ஒன்று விட்டுப்போச்சு. விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, மறுநாள் கொலுவை எடுங்கள். அந்த நாள் வெள்ளி, செவ்வாய் என்றால் பல வீடுகளில் இன்னொரு நாள் தள்ளுவார்கள். பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், ஈரம் கோத்து பூஞ்சை பிடிக்கும். பழைய பருத்தித் துணியில் சுற்றி, காய்ந்த வேப்பிலை போட்டு வையுங்கள்.