அனலாக் லைனில் வெளியே பேசினால் மட்டும் எக்கோ: ஆஸ்டெரிஸ்க், 4 எஃப்எக்ஸ்ஓ போர்ட்

புதுலைன்:
வணக்கம். ஆஸ்டெரிஸ்க் மென்பொருளில் ஓடும் பிபிஎக்ஸ் (அலுவலக டெலிஃபோன் எக்ஸ்சேஞ்ச்), 20 ஐபி ஃபோன்கள், நான்கு அனலாக் லைன்களுக்காக 4 எஃப்எக்ஸ்ஓ போர்ட் (வெளி டெலிஃபோன் லைனைச் செருகும் துளை) உள்ள கார்டு. எக்ஸ்டென்ஷனுக்குள் பேசினால் சுத்தமாக இருக்கிறது. சிப் ட்ரங்க் (இன்டர்நெட் வழி வெளி லைன்) வழியாகப் போனாலும் பிரச்சினை இல்லை. அனலாக் லைனில் வெளியே கூப்பிட்டால்தான் பேசியது பேசியவருக்கே திரும்பக் கேட்கிறது. எதிர்முனையில் இருப்பவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. மூன்று லைன்களில் ஆரம்பத்தில் பலமாக வந்து இரண்டு மூன்று விநாடியில் கொஞ்சம் அடங்குகிறது. நான்காவதில் அடங்குவதே இல்லை. சேனல் கான்ஃபிக்கில் எக்கோ கேன்சல் (எக்கோவைக் கழிக்கும் வசதி) ‘யெஸ்’ என்றுதான் இருக்கிறது. குரல் சன்னமாகக் கேட்டதால் ஆர்எக்ஸ் கெயின் (லைனிலிருந்து வரும் ஒலியின் அளவு), டிஎக்ஸ் கெயின் (லைனுக்குப் போகும் ஒலியின் அளவு) இரண்டையும் 6 டிபி ஏற்றியிருக்கிறோம். இன்டர்நெட் வேகத்தைக் கூட்டினால் சரியாகுமா?

நாலுகம்பி:
இன்டர்நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஃபோனிலிருந்து பிபிஎக்ஸ் வரை லேன், அதற்கப்புறம் செப்புக் கம்பி. எக்கோ பிறக்கும் இடம் எஃப்எக்ஸ்ஓ போர்ட்டில் இருக்கும் ஹைப்ரிட். உள்ளே போகிற குரலும் வெளியே வருகிற குரலும் கார்டுக்குள் தனித்தனிப் பாதையில் ஓடுகின்றன. லைனில் இரண்டும் ஒரே ஜோடிக் கம்பியில். இரண்டையும் பிரிப்பதுதான் ஹைப்ரிட்டின் வேலை. லைனின் இம்பீடன்ஸ் (மாறும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) போர்ட்டோடு ஒத்துப்போகாவிட்டால் அனுப்பிய குரலில் ஒரு பங்கு திரும்பி விடுகிறது.

சாதாரண டெலிஃபோனிலும் இது உண்டு. ஆனால் ஓரிரு மில்லி விநாடியில் திரும்புவதால் சைடுடோனோடு (பேசும்போது நம் குரலே ரிசீவரில் லேசாகக் கேட்பது) கலந்து காதுக்குத் தெரியாமல் போகிறது. ஐபி ஃபோனில் 20 மில்லி விநாடி பாக்கெட், அதன் மேல் ஜிட்டர் பஃபர் (முன்பின்னாக வரும் பாக்கெட்டுகளைச் சீராக்கப் பிடித்துவைக்கும் இடம்). போய்வர எளிதாக 60, 80 மில்லி விநாடி ஆகிவிடும். சுமார் 25-ஐத் தாண்டினாலே தனியாகக் கேட்கத் தொடங்கும்.

முதலில் கெயினைக் கவனியுங்கள். ஐபி ஃபோனில் பேசுபவரின் குரல் டிஎக்ஸ் வழியாக வெளியே போய், ஹைப்ரிட்டில் மோதி, ஆர்எக்ஸ் வழியாகத் திரும்புகிறது. இரண்டிலும் 6 ஏற்றினால் எக்கோ 12 டிபி ஏறும். போதாததற்கு, உரத்துப் பேசும்போது அலையின் தலை வெட்டுப்படும். கேன்சலர் நேர்விகித மாற்றத்தைத்தான் கணித்துக் கழிக்கும். வெட்டுப்பட்ட அலையை அதனால் கணிக்க முடியாது. இரண்டையும் 0.0 ஆக்குங்கள். சன்னமாக இருந்தால் ஃபோனிலேயே வால்யூம் ஏற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது டாஹ்டியின் (ஆஸ்டெரிஸ்க்குக்காக இந்தக் கார்டை இயக்கும் டிரைவர்) சிஸ்டம் கான்ஃபிக் ஃபைல். ‘யெஸ்’ போட்டால் மட்டும் போதாது. டாஹ்டியில் தானாக எந்தக் கேன்சலரும் வராது. எந்தச் சேனலுக்கு எது என்று அந்த ஃபைலில் எழுதியிருக்க வேண்டும். மற்ற மூன்றும் அடங்கி நான்காவது அடங்கவில்லை என்றால் முதல் சந்தேகம் அங்கேதான்.

பாக்கெட்:
நாலுகம்பி சொன்ன இரண்டையும் முடித்த பிறகு எஃப்எக்ஸ்ஓ டியூன் ஓட்டுங்கள், போர்ட்டை லைனுக்கு ஏற்பச் சரிசெய்யும் கருவி அது (எல்லா அனலாக் கார்டும் இதை ஏற்காது, முதலில் பார்த்துக்கொள்ளவும்). ஆஸ்டெரிஸ்கை நிறுத்திவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். முடியும் வரை லைன்களில் அழைப்பு எடுக்க முடியாது, அதனால் வேலை நேரத்தில் வேண்டாம். அது லைனை எடுத்து, டயல் டோனை நிறுத்த ஒரு எண்ணை அழுத்தி, அந்த அமைதியில் சோதனை ஒலி அனுப்பித் திரும்புவதை அளக்கும். எண் அழுத்தியபின் எக்ஸ்சேஞ்ச் சீக்கிரமே அறிவிப்போ பிஸி டோனோ கொடுத்தால் அளவு கெட்டுவிடும். அப்படியானால் அதிக நேரம் அமைதி தரும் எண்ணாகப் பார்த்து மாற்றுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது: கண்டுபிடித்த மதிப்புகள் ஒரு ஃபைலில் இருக்கும், கார்டில் தங்காது. ஒவ்வொரு பூட்டிலும் டிரைவர் ஏறிய பிறகு, ஆஸ்டெரிஸ்க் கிளம்பும் முன் அவற்றை ஏற்றும் கட்டளை ஓட வேண்டும். ‘ரீபூட் செய்தால் எக்கோ திரும்புகிறது’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

டேப் எண்ணிக்கை (எவ்வளவு தாமதமான எக்கோ வரை கேன்சலர் பிடிக்கும் என்பதன் அளவு): விநாடிக்கு 8000 சாம்பிள் என்பதால் 128 டேப் 16 மில்லி விநாடி, 256 என்றால் 32, 1024 என்றால் 128. உங்களுக்கு 256 போதும். கண்மூடித்தனமாக 1024 போட்டால் சிபியு சுமையும் ஏறும், கேன்சலர் பழகுவதற்கும் நேரமாகும்.

புதுலைன்:
கெயின் 0. சிஸ்டம் கான்ஃபிக்கில் எம்ஜி2 (டாஹ்டியோடு வரும் ஒரு கேன்சலர்) வரியில் 1-3 என்று மட்டுமே இருந்தது! 1-4 ஆக்கி, டாஹ்டி கான்ஃபிக்கை மறுபடி ஏற்றி, டியூனும் ஓட்டியாயிற்று. மூன்று லைன்கள் சுத்தம். நான்காவது இப்போது அடங்குகிறது, ஆனால் முதல் சொற்கள் இன்னும் திரும்புகின்றன. இன்னொரு சந்தேகம்: ஒருவர் ஸ்பீக்கரில் பேசும்போது மட்டும் மற்ற எக்ஸ்டென்ஷன்காரர்களுக்கு எக்கோ வருகிறது.

நாலுகம்பி:
நான்காவது லைனையும் முதல் லைனையும் போர்ட் மாற்றிச் செருகுங்கள். டியூன் மதிப்பு போர்ட்டுக்கு உரியது, ஆகவே மாற்றியபின் மறுபடி டியூன் ஓட்டிவிட்டுக் கேளுங்கள். எக்கோ லைனோடு போனால் கம்பியில் கோளாறு, போர்ட்டிலேயே நின்றால் மாட்யூலில். லைன்தான் என்றால் அதில் இணையாக ஃபேக்ஸ், பழைய ஃபோன், அலாரம் பெட்டி ஏதாவது தொங்குகிறதா, டிஎஸ்எல் இருந்தால் ஃபில்டர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கூடுதலாகத் தொங்கும் ஒவ்வொன்றும் இம்பீடன்ஸை மாற்றும். எல்லாவற்றையும் கழற்றி, லைன் நுழையும் பெட்டியிலிருந்து போர்ட்டுக்கு நேராக ஒரே ஜோடிக் கம்பி இழுத்துச் சோதியுங்கள். துருப்பிடித்த ஜாயின்டும் இதே வேலையைச் செய்யும். கூடவே கரகரப்பு இருந்தால் அதுதான். இவ்வளவுக்கும் பிறகும் முதல் சொற்கள் திரும்பினால் எம்ஜி2-க்குப் பதில் ஓஸ்லெக் என்ற வேறு கேன்சலரைப் போட்டுப் பாருங்கள்.

காதுகேள்:
ஸ்பீக்கர் எக்கோவை பிபிஎக்ஸில் தேடாதீர்கள். எக்கோ யாருக்குக் கேட்கிறதோ அவர் பக்கம் கோளாறில்லை, எதிர்ப்பக்கம்தான். ஸ்பீக்கரில் இருப்பவரை மியூட் அழுத்தச் சொல்லுங்கள். அந்தக் கணமே எக்கோ நின்றால் அவர் ஸ்பீக்கரின் ஒலி அவர் மைக்கிலேயே ஏறுகிறது என்று பொருள். வால்யூமை முழுசாக வைக்காமல் பாதிக்குக் குறைக்கட்டும், ஃபோனைச் சுவர் மூலையிலிருந்தும் கண்ணாடி மேசையிலிருந்தும் நகர்த்தட்டும், ஃபோன் ஃபர்ம்வேரையும் புதுப்பித்துப் பார்க்கலாம். மொபைல் எண்களுக்கு மட்டும் எக்கோ என்று பிறகு யாராவது புகார் சொன்னாலும் இதே கதைதான்: அங்கிருந்து திரும்புவது உங்கள் கார்டின் 32 மில்லி விநாடிக்கு வெகு அப்பால் வரும், டேப்பை ஏற்றி அதைப் பிடிக்க முடியாது.