ஸ்லாவுக்குத் தமிழில் என்ன? ‘புளிப்புச்சீவல்’ சரிவருமா?

நண்பர்களே,

சீவிய கோசில் புளிப்பு சேர்த்துச் செய்யும் சாலட்தான் கோல்ஸ்லா, சுருக்கமாக ஸ்லா. அதற்குத் தமிழ்ச்சொல்லாக முன்பு இங்கே சொல்லப்பட்ட ‘கோசுக் கலவை’ எனக்கு ஒட்டவில்லை. கேரட், வெள்ளரி, ஆப்பிள் என்று கோசே இல்லாமலும் ஸ்லா செய்கிறார்களே, அதை எப்படி அழைப்பது? ஆங்கிலமே இந்த வம்பில் மாட்டியிருக்கிறது. ‘கோல்ஸ்லா’ டச்சு மொழியிலிருந்து வந்தது. அதில் ‘கோல்’ என்றால் கோசு. ‘ஸ்லா’ என்பது சாலட்டின் சுருக்கம். ‘கோல்’ புரியாதவர்கள் அதைக் குளிர்ச்சி என்று எடுத்துக்கொண்டு ‘கோல்டு ஸ்லா’ என்று எழுதினார்கள். அப்புறம் ‘ஹாட் ஸ்லா’வும் வந்துவிட்டது!

‘கலவை’ என்றால் சிமெண்டும் கலவைதான். ‘பச்சடி’ என்றதும் தயிர் முன்னால் வந்து நிற்கும்.

செய்கிற விதத்திலிருந்தே சொல்லை எடுக்கலாம். கோசை 2 மி.மீ. கனத்துக்கு நீளநீளமாகச் சீவி, அரை கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி உப்பைப் பிசிறி அரை மணி நேரம் வைக்கிறோம். கோசில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். உப்பு அதில் கொஞ்சத்தை வெளியே இழுக்க, பாத்திரத்தின் அடியில் நீர் தேங்கும். கைப்பிடி கைப்பிடியாகப் பிழிந்துவிட்டுத்தான் எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்ற வேண்டும். ஒருநாள் அவசரத்தில் பிழியாமல் ஊற்றினேன். சாறு நீர்த்துப்போய் புளிப்பும் இல்லை, மொறுமொறுப்பும் இல்லை. (ஊதாக் கோசாக இருந்தால் புளிப்பு பட்டதும் பளிச்சென்று இளஞ்சிவப்பாகும். பார்க்கவே செய்யலாம்.)

ஆக, சீவுவதும் புளிப்பும் சொல்லில் வந்தால் போதும். ‘அரியல்’ அழகுதான், ஆனால் சங்கப் பாடல்களில் அது கள்! ‘துருவல்’ வேண்டாம், துருவினால் கோசு நசநசவென்று ஆகிவிடும். ‘சீவல்’ தனியாக நின்றால் பாக்கு. ‘புளிச்சீவல்’ சுருக்கமாக இருக்கிறது, ஆனால் புளியையே சீவிப் போட்டதுபோல் கேட்கிறது. ‘காடி’ வினிகருக்கு நல்ல சொல். ஆனால் ‘காடிச்சீவல்’ என்றால் எலுமிச்சை வெளியே போய்விடும்.

அதனால் ‘புளிப்புச்சீவல்’. கேரட்டில் செய்தால் கேரட் புளிப்புச்சீவல், கோல்ஸ்லாவுக்குக் கோசுப் புளிப்புச்சீவல். கொஞ்சம் நீளம்தான். மொறுமொறுப்பும் சொல்லில் வரவில்லை; அதைப் பிழிகிற கை பார்த்துக்கொள்ளட்டும்.

மயோனைசை அள்ளிப் போட்டுப் புளிப்பே தெரியாமல் செய்வதையும் இதில் அடக்கலாமா என்பதில்தான் எனக்குத் தயக்கம். ‘மயோனைஸ் சீவல்’ என்று தனியாக வைத்துவிடலாமா?