உதவி: கடைகளையும் குடியிருப்போரையும் இணைக்கத் தொடங்கிய குழுவில் விளம்பரம் மட்டுமே நிறைகிறது

தெருவிளக்கு:

வணக்கம். எங்கள் பகுதியின் சிறு வணிகர்களும் குடியிருப்போரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில் ஒரு வாட்ஸ்அப் குழுவும் ஒரு ஃபேஸ்புக் பக்கமும் நடத்துகிறோம். நான் வணிகம் செய்பவன் அல்லன். குடியிருப்போர் சார்பில் இதைக் கவனித்துக்கொள்கிறேன். குழுவில் 300 பேருக்கு மேல் இருக்கிறார்கள். அவர்களில் கடை நடத்துவோர் 40 பேர் அளவில் இருப்பார்கள்.

குழுவில் விடிந்தது முதல் தள்ளுபடிச் சுவரொட்டிகள்தாம் வருகின்றன. ஒரே படத்தை நாள்தோறும் போடுகிறார்கள். குடியிருப்போர் முதலில் ஒலியை அடைத்து வைக்கிறார்கள், பிறகு சொல்லாமல் வெளியேறிவிடுகிறார்கள். ஃபேஸ்புக் பக்கத்தைப் பின்தொடர்வோர் நிறைய. ஆனால் ஒரு பதிவைப் பார்ப்பவர்கள் மிகச் சிலர். கடைக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில், ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் வைத்திருக்கிறார். வாடிக்கையாளர்களில் பலருக்கு அவர் அனுப்புவது போய்ச் சேரவே இல்லை. இன்ஸ்டாகிராம் பதிவில் நாங்கள் கொடுக்கும் இணைப்பும் திறப்பதில்லை என்கிறார்கள்.

இவற்றையெல்லாம்விட எனக்கு வருத்தம் தருவது வேறு. "இதனால் எனக்கு என்ன பயன்?" என்று கடைக்காரர்களும் கேட்கிறார்கள், குடியிருப்போரும் கேட்கிறார்கள். இரு தரப்புக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. குழுவை மூடிவிட்டு வேறொன்று தொடங்கலாமா, இதையே திருத்த முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய நெறியாளர்:

மூடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கடந்த ஒரு வாரச் செய்திகளை மேலிருந்து கீழ்வரை படித்து, விளம்பரம் எத்தனை, கேள்வி எத்தனை, அந்தக் கேள்விகளுக்கு வந்த பதில் எத்தனை என்று பிரித்துப் பாருங்கள். கேள்வி கேட்டவர் யார், பதில் சொன்னவர் யார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நோய் எங்கே இருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

தெருவிளக்கு:

பார்த்துவிட்டேன் ஐயா. பெரும்பாலானவை விளம்பரம். அவற்றுக்கு யாரும் ஒரு வார்த்தைகூட மறுமொழி எழுதவில்லை. கேள்விகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வந்திருக்கிறது. பழைய தையல் இயந்திரத்தைப் பழுதுபார்ப்பவர் யாராவது உண்டா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்குப் பலர் பதில் எழுதியிருக்கிறார்கள். குழுவிலேயே இருக்கும் கடைக்காரர் ஒருவர், "நானே செய்து தருகிறேன்" என்று சொல்லியிருக்கிறார். அவர் அந்த வேலையும் செய்வார் என்பது எங்களில் யாருக்கும் அதுவரை தெரியாது. அவர் நாள்தோறும் போடும் சுவரொட்டியில் அந்தச் செய்தி இல்லை.

பழைய நெறியாளர்:

உங்கள் கேள்விக்கான விடை இதுதான். கடைக்காரர் தான் விற்க விரும்புவதைப் போடுகிறார். குடியிருப்பவருக்கு வேண்டியது வேறு. அவர் வாய் திறந்து கேட்கும் இடத்தில்தான் இருவரும் சந்திக்கிறார்கள். குடியிருப்போரின் கேள்விகளுக்காகவே நடக்கும் இடமாகக் குழுவை மாற்றுங்கள். விளம்பரத்துக்கு வேறு இடம் கொடுங்கள்.

கைக்கணக்கு:

நான் மாறுபடுகிறேன். இத்தனை பேர் இருக்கும் குழுவில் எல்லோரையும் பேசவிட்டால் ஒழுங்கு வராது. நிர்வாகிகள் மட்டுமே எழுதலாம் என்று அமைப்பை மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் 2023-இல் வந்த வாட்ஸ்அப் சேனல் வசதிக்குப் போய்விடுங்கள், அதில் நிர்வாகிகள் எழுதுவார்கள், மற்றவர்கள் பின்தொடர்ந்து படிப்பார்கள். வாரம் ஒருமுறை எல்லாக் கடைகளின் செய்தியையும் தொகுத்துப் போட்டால் போதும். சேனலைப் பின்தொடர்பவரின் எண் மற்றப் பின்தொடர்வோருக்குத் தெரியாது. அந்தப் பாதுகாப்பும் கிடைக்கும்.

நூலகப்படி:

சேனலில் குடியிருப்பவர் கேள்வி கேட்க முடியாதே! தையல் இயந்திரக் கேள்வி சேனலில் பிறந்திருக்காது. ஒழுங்கு வரும், ஆனால் எதற்காகத் தொடங்கினார்களோ அது போய்விடும்.

எண் வெளியே தெரிவது பற்றிச் சொன்னது மட்டும் மிகச் சரி, அதை யாரும் இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பொதுக் குழுவில் சேர்ந்த பெண்களுக்கு முன்பின் தெரியாதவர்கள் தனிச் செய்தி அனுப்புவது எத்தனையோ குழுக்களில் நடக்கிறது. பலர் மௌனமாக வெளியேற அதுவே காரணம். அவர்கள் அதை வெளியில் சொல்லமாட்டார்கள். தனிச் செய்தி அனுப்பித் தொல்லை கொடுப்பவர் உடனே நீக்கப்படுவார் என்று விதியில் எழுதுங்கள், எழுதியபடி நீக்குங்கள். இதில் இரண்டாவது வாய்ப்பே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஒழுங்கு, கேள்வி கேட்கும் இடம் இரண்டும் வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் 2022 நவம்பரில் வந்த கம்யூனிட்டி வசதி இருக்கிறது. ஒரே கூரையின் கீழ்ப் பல குழுக்களை வைக்கலாம். அறிவிப்புக்கென்று ஒரு குழு தானாகவே உருவாகும், அதில் நிர்வாகிகள் மட்டுமே எழுதலாம். அங்கே உறுப்பினர்களின் எண் நிர்வாகிகளுக்குத் தெரியும், மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. அதன்கீழ் "கேள்வி பதில்" என்று ஒரு குழு, "கடைச் செய்திகள்" என்று ஒரு குழு வையுங்கள். விருப்பமுள்ளவர்கள் அவற்றில் சேரட்டும். அந்த உட்குழுக்களில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இப்போதுள்ள குழுவையும் உள்ளே சேர்த்துக்கொள்ள முடியும். எதையும் மூட வேண்டியதில்லை.

கைக்கணக்கு:

கம்யூனிட்டி வசதியை நான் கணக்கில் எடுக்கவில்லை. அப்படிப் பிரித்தால் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் உட்குழுக்கள் இரண்டுக்கு மேல் வேண்டாம். பிரித்துக்கொண்டே போனால் எங்கே கேட்பது என்று தெரியாமல் மக்கள் எங்குமே கேட்கமாட்டார்கள்.

அச்சுக்கோப்பு:

மற்றத் தொழில்நுட்பச் சிக்கல்களுக்கு என் பதில்.

பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்புவது, அனுப்புபவரின் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான். அந்தக் கடைக்காரரின் எண்ணை வாடிக்கையாளர்கள் சேமிக்கவில்லை என்பதுதான் பிரச்சினை. கடைக்கு வருபவரிடம் நேரில் கேட்டு, அவர் விரும்பினால் அங்கேயே சேமிக்கச் சொல்லட்டும்.

இன்ஸ்டாகிராமில் பதிவின் விளக்கத்தில் எழுதும் இணைப்பை அழுத்தினால் திறக்காது. அது பழுதன்று, அந்தத் தளத்தின் அமைப்பே அப்படி. இணைப்பை உங்கள் முகப்பு விவரத்தில் வையுங்கள். அல்லது ஸ்டோரியில் இணைப்பு ஸ்டிக்கராகப் போடுங்கள்.

ஃபேஸ்புக் பக்கத்தைப் பற்றி: 2018 ஜனவரியில் அந்த நிறுவனம் பக்கங்களின் பொதுப் பதிவுகளைப் பின்னுக்குத் தள்ளி, நண்பர்களும் குடும்பத்தினரும் இடுவதையும் உரையாடல் நடக்கும் பதிவுகளையும் முன்னே காட்டப்போவதாக அறிவித்தது. பின்தொடர்வோர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கக் கூடாது என்று நான் சொல்வது அதனால்தான். பக்கத்தில் சுவரொட்டி போடுவதைவிட, ஃபேஸ்புக் குழு ஒன்று தொடங்கி அங்கே பேச்சு நடக்கவிடுவது நல்லது. சேர வருபவரிடம் மூன்று கேள்விகள் வரை கேட்கும் வசதி உண்டு. "எந்தத் தெரு?" என்ற ஒரு கேள்வியே வெளியாள் வியாபாரிகளில் பெரும்பாலோரை வடிகட்டிவிடும்.

இன்ஸ்டாகிராமில் 2021 முதல் கூட்டுப் பதிவு வசதி இருக்கிறது. இரண்டு கணக்குகள் சேர்ந்து ஒரு பதிவை இடலாம், இருவரின் முகப்பிலும் அது தோன்றும். தையல்காரரும் துணிக்கடைக்காரரும் சேர்ந்து ஒன்று போட்டால், ஒருவருடைய வாடிக்கையாளர் மற்றவருக்கு அறிமுகமாவார். கடைகளைத் தங்களுக்குள் இணைக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் இதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு.

கல்லாப்பெட்டி:

நான் கடை வைத்திருப்பவள். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். நாள் முழுதும் நின்று வேலை செய்துவிட்டு, இரவில் உட்கார்ந்து புதிதாக எழுத எங்களுக்கு நேரம் இருப்பதில்லை. அதனால்தான் அதே சுவரொட்டியைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறோம். யாரையும் தொந்தரவு செய்யும் எண்ணம் எங்களுக்கு இல்லை. என்ன எழுதுவது என்று சொல்லித்தர யாராவது இருந்தால் எழுதுவோம்.

நூலகப்படி:

நீங்கள் சொன்னது மிக முக்கியம் அம்மா. எழுத வேண்டாம், பதில் மட்டும் சொல்லுங்கள். உங்கள் கடையில் இந்த வாரம் ஒருவர் உங்களிடம் என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள்? அதையே இரண்டு வரியில், குரல் பதிவாகக்கூடப் போடலாம். எந்தத் துணி சாயம் போகும், எந்தப் பொருளைப் பழுதுபார்க்கலாம், எதைப் பழுதுபார்க்க முடியாது என்பவை உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. அப்படிச் சொல்பவரிடம்தான் மக்கள் வாங்கப் போவார்கள். தெருவிளக்கு அவர்களே, குடியிருப்போரில் எழுத்து வசமுள்ள இளையவர்கள் இருப்பார்கள். ஆளுக்கு ஒரு கடை என்று பிரித்துக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

நேரமில்லாதவர்களுக்கு வாட்ஸ்அப் பிசினஸ் செயலி கைகொடுக்கும். கடை மூடிய பிறகு வரும் செய்திக்குத் தானாகவே ஒரு மறுமொழி போகும்படி வைக்கலாம். அடிக்கடி கேட்கப்படுவதற்கு ஆயத்தப் பதில்களைச் சேமிக்கலாம். பொருள்களைக் கேட்டலாக்கில் (படங்களோடு கூடிய பொருள் பட்டியலில்) ஒருமுறை ஏற்றிவிட்டால், யார் கேட்டாலும் அதன் இணைப்பை அனுப்பினால் போதும். நாள்தோறும் சுவரொட்டி தேவைப்படாது.

அச்சுக்கோப்பு:

இவை எல்லாவற்றுக்கும் முன் கூகுள் வரைபடத்தில் கடையின் விவரங்களைச் சரிபாருங்கள். திறக்கும் நேரம் தவறாக இருந்தால், வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் மறுபடி வரமாட்டார். விடுமுறை நாள்களுக்குத் தனி நேரம் குறிக்கவும் அதில் இடம் உண்டு. மதிப்புரை எழுதினால் தள்ளுபடி என்று மட்டும் எந்தக் கடையும் சொல்ல வேண்டாம். கூகுளின் விதி அதைத் தடை செய்கிறது. அப்படி வாங்கிய மதிப்புரையைப் பார்க்கும் அக்கம்பக்கத்தார் கடையின் மேலேயே நம்பிக்கை இழப்பார்கள்.

தெருவிளக்கு:

எல்லோருக்கும் நன்றி. இந்த வாரமே கம்யூனிட்டிக்கு மாறுகிறோம். இன்னும் ஒரு தயக்கம் இருக்கிறது. கேள்வி பதில் குழுவில் யாராவது ஒரு கடையைப் பற்றிக் குறை எழுதினால் என்ன செய்வது? முன்பு ஒருமுறை அப்படி நடந்தபோது கடைக்காரர் கோபித்துக்கொண்டார், அவருக்காக நான்கு பேர் வந்தார்கள், எதிர்த்து ஆறு பேர் வந்தார்கள். நீக்கினால் கடைகளுக்குச் சாய்வு என்பார்கள். விட்டுவைத்தால் ஒருவரின் பிழைப்பில் கை வைத்ததுபோல் ஆகிறது.

பழைய நெறியாளர்:

இதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி, விரிவாகவே சொல்கிறேன்.

நிர்வாகி எவருடைய செய்தியையும் எல்லோருக்குமாக நீக்க முடியும். அந்த வசதி கையில் இருப்பதாலேயே அவசரப்பட்டு நீக்கத் தோன்றும். குறையை நீக்காதீர்கள், வசையை நீக்குங்கள். "வாங்கிய பொருள் மறுநாளே பழுதாகிவிட்டது, மாற்றித் தரவில்லை" என்பது குறை. "அவர் ஏமாற்றுக்காரர்" என்பது வசை. இரண்டுக்கும் உள்ள கோட்டை எடுத்துக்காட்டோடு விதியில் எழுதி வையுங்கள்.

குறை வந்த உடனே கடைக்காரரைத் தொலைபேசியில் அழையுங்கள். குழுவில் அவர் பெயரைக் குறித்துக் கூப்பிடாதீர்கள், கூட்டத்தின் நடுவில் நிறுத்தப்பட்ட எவரும் தம்மைக் காத்துக்கொள்ளவே பேசுவார். அவரிடம், "பார்த்தேன், வருந்துகிறேன், கடைக்கு வாருங்கள், பேசிச் சரிசெய்வோம்" என்ற அளவில் ஒரே ஒரு மறுமொழி எழுதச் சொல்லுங்கள். அதன்பிறகு அந்தப் பேச்சைக் குழுவில் நிறுத்திவிடுங்கள். மற்றவர்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்று நீங்கள் எழுதலாம், அது உங்கள் உரிமை. தீர்ந்ததும், குறை எழுதியவரே தீர்ந்தது என்று எழுதும்படி கேளுங்கள். நான் பார்த்தவரையில், இப்படி ஒரு குறையைச் சரியாகத் தீர்த்த கடைக்கு அதன்பிறகு மரியாதை கூடியிருக்கிறது. அதுவரை அங்கே போகாதவர்களும் போகத் தொடங்குவார்கள்.

கல்லாப்பெட்டி அவர்களைப் போன்ற ஒரு கடைக்காரரையும் நிர்வாகியாக்குங்கள். சாய்வு என்ற பேச்சு பாதி குறையும்.

கல்லாப்பெட்டி:

இது நடந்தால் நாங்களும் அச்சமில்லாமல் இருப்போம். குறை சொல்லும் வாடிக்கையாளர் திரும்பி வர விரும்புபவர். ஒன்றும் சொல்லாமல் போகிறவரைத்தான் எங்களால் மீட்க முடிவதில்லை.

கைக்கணக்கு:

பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு: விருப்பக்குறிகளை எண்ணாதீர்கள். புதிதாக வரும் வாடிக்கையாளரிடம், "எங்களை எப்படி அறிந்தீர்கள்?" என்று கேட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தாளில் கோடு போடச் சொல்லுங்கள். மாத இறுதியில் அந்தத் தாள்களை ஒன்றுசேர்த்துப் பாருங்கள். குடியிருப்போர் பக்கத்தில், கேட்ட கேள்விகளில் எத்தனைக்கு விடை கிடைத்தது என்று பாருங்கள்.

பேசுபவர்கள் குறைவாக இருந்தால் கலங்க வேண்டாம். இணையச் சமூகங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் படிப்பவர்களாக மட்டுமே இருப்பார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் அடிக்கடி எழுதுவார் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006-இல் ஒரு பொது அளவு சொன்னார். துல்லியக் கணக்காக அதைக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் மௌனமாகப் படிப்பவர்களும் கடைக்குப் போகிறவர்கள்தாம்.

தெருவிளக்கு:

மாறிவிட்டோம், நிலவரம் சொல்கிறேன். அறிவிப்புக் குழுவில் எல்லோரும் இருக்கிறார்கள். கேள்வி பதில் குழுவில் பாதிக்கும் மேற்பட்டோர் சேர்ந்திருக்கிறார்கள். வெளியேறியவர்களில் சிலரும் திரும்பியிருக்கிறார்கள். கடைச் செய்திகள் குழுவில் ஆள் குறைவு, அதில் சில கடைக்காரர்களுக்கு மனக்குறை உண்டு. வாரத்துக்கு ஒரு கடைக்கு ஒரு பதிவு என்று வரம்பு வைத்திருக்கிறோம். இரண்டு கடைக்காரர்கள் நிர்வாகிகளாக இணைந்திருக்கிறார்கள். குறை பற்றிய விதியை அவர்களே எழுதித் தந்தார்கள்.

புதிதாகச் சேர்பவர்கள் விதியைப் படிப்பதில்லை. அதற்கு ஏதாவது வழி உண்டா?

நூலகப்படி:

விதியை நான்கு வரிக்குள் சுருக்கிக் குழுவின் விவரப் பகுதியில் வையுங்கள். அதையே செய்தியாக இட்டு, எப்போதும் மேலே தெரியும்படி நிலைநிறுத்தி (பின் செய்து) வையுங்கள். பின் செய்ததை அதிகம் போனால் 30 நாள் வரைதான் வைத்திருக்க முடியும். அதனால் மாதம் பிறந்ததும் மறுபடி பின் செய்யும் பொறுப்பை நிர்வாகிகளில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். சேருவதற்கு நிர்வாகி ஒப்புதல் வேண்டும் என்ற அமைப்பையும் இயக்குங்கள். ஒப்புதல் தரும்போதே அந்த நான்கு வரியை அவருக்குத் தனியே அனுப்பிவிடலாம்.