“யூவி மாட்டினால் கண்ணாடி தேய்க்க வேண்டாம்” என்று அடித்துவிடுபவர்களுக்கு

சூரமங்கலத்தான்:
நம் சேலம் மீன் வளர்ப்போர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்டிருந்ததைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. “9 வாட் யூவி உள்ள கேனிஸ்டர் ஃபில்டர் மாட்டிவிட்டேன். இனி என் தொட்டியில் பாசி என்ற பேச்சுக்கே இடமில்லை. இன்னும் கண்ணாடி தேய்ப்பவர்கள் கற்காலத்தில் இருக்கிறார்கள்.” அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு.

என்னிடமும் அதே வகை ஃபில்டர்தான்: தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடிய டப்பா, உள்ளே யூவி என்கிற புற ஊதா விளக்கு. தண்ணீர் தெளிவாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பின்கண்ணாடி முழுக்கப் பச்சைப் புள்ளி, அனுபியாஸ் செடியின் இலை ஓரமெல்லாம் கறுப்புத் தாடிப் பாசி. விளக்கு இருப்பது ஃபில்டர் டப்பாவுக்குள். பாசி இருப்பது கண்ணாடி மேல். விளக்கு எழுந்து வந்தா அதைச் சுடும்? எழுதிய மகான் இங்கேயும் உலவுகிறார் என்று தெரியும். வந்து விளக்கட்டும்.

குகைவாசி:
மகான் வந்துவிட்டேன். முதலில் ஒன்று. பேர் சொல்லாமல் குத்துவது சூரமங்கலம் வழக்கம் போலிருக்கிறது, எங்கள் குகைப் பகுதியில் நேராகவே பேசுவோம். என் தொட்டி 4 அடி, ஒன்றரைக்கு ஒன்றரை. போன கோடையில் எதிர்ப்பக்கம் இருக்கிற மீன் தெரியாத அளவுக்குத் தண்ணீர் பச்சை. யூவி மாட்டிய அதே வாரத்தில் தொட்டிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் நாள்காட்டியின் தேதியைப் படிக்க முடிந்தது. இதைக் கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன். 254 நானோமீட்டர் யூவி-சி ஒளி, பாசியின் டிஎன்ஏவையே கெடுத்துவிடும். அப்புறம் அது பெருகாது. இது அறிவியல். கைதட்டல் சும்மா வரவில்லை.

வாட்கணக்கு:
அதெல்லாம் சரி. உங்கள் ஃபில்டர் மணிக்கு எத்தனை லிட்டர்?

குகைவாசி:
பெட்டியில் 1400 என்று போட்டிருக்கிறது. எதற்கு?

வாட்கணக்கு:
எதற்கா? 9 வாட் விளக்கு முன்னால் மணிக்கு 1400 லிட்டர் ஓடினால் தண்ணீர் விளக்கை எட்டிப் பார்க்கக்கூட நேரம் இருக்காது. கிருமியோ பாசியோ சாவதற்கு ஒளி படும் நேரம் வேண்டும். வேகம் கூடினால் அளவு குறையும். நாற்பது வருடம் மின்சாரத்தோடு குப்பை கொட்டியவன் சொல்கிறேன், உங்கள் யூவி அலங்கார விளக்கு.

குகைவாசி:
அலங்கார விளக்குதான் தண்ணீரைத் தெளிய வைத்ததா?

வாட்கணக்கு:
தண்ணீர் எப்படித் தெளிந்தது என்று நான் கேட்கவில்லை. மணிக்கு 1400 லிட்டர் ஓட்டத்தில் 9 வாட் என்ன கிழிக்கும் என்று கேட்கிறேன்.

மலைக்காற்று:
ஏற்காட்டிலிருந்து ஒரு வார்த்தை. இந்தப் பஞ்சாயத்தெல்லாம் கீழே இருப்பவர்களுக்குத்தான். இங்கே 1500 மீட்டர் உயரம், குளிர், வாரக்கணக்கில் மூடுபனி. யூவியும் இல்லை, கேனிஸ்டரும் இல்லை. ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், நாலு செடி. பாசியே வருவதில்லை. சேலம் வெயிலில் தொட்டி வைத்துவிட்டு விளக்கைத் திட்டி என்ன பயன்?

சூரமங்கலத்தான்:
ஏற்காட்டில் பாசி வராதா? ஏரியில் படகில் போகிற சுற்றுலாக்காரர்களைக் கேளுங்கள், தண்ணீர் என்ன நிறம் என்று.

மலைக்காற்று:
ஏரியும் தொட்டியும் ஒன்றா? மேட்டூர் அணை நீர்ப்பிடிப்பில், பண்ணவாடிப் பக்கம் பச்சைப் பாசி நாறினதெல்லாம் நாங்கள் பேசினோமா?

வாட்கணக்கு:
ஏரி, அணை எல்லாம் அப்புறம். 1400 லிட்டருக்குப் பதில் வரவில்லை.

குகைவாசி:
ஐயா, பதில் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். என் தொட்டியில் கல், மணல் போக 220 லிட்டர் தண்ணீர். மணிக்கு 1400 என்றால் மொத்தத் தண்ணீரும் ஒரு மணி நேரத்தில் ஆறு தடவைக்கு மேல் விளக்கைத் தாண்டிப் போகிறது. ஒரு தடவையில் தப்பித்த பாசி அடுத்த தடவையில் மாட்டும். மெதுவான ஓட்டம் வேண்டும் என்பது வெள்ளைப்புள்ளி மாதிரி ஒட்டுண்ணியைக் கொல்லத்தான். மிதக்கும் பாசி அவ்வளவு திடம் கிடையாது, குறைந்த அளவிலேயே அடங்கிவிடும்.

அப்புறம், பெட்டியில் போட்டிருக்கும் 1400 காலி டப்பா கணக்கு. உள்ளே ஸ்பாஞ்ச், செராமிக் ரிங், பஞ்சு எல்லாம் அடைத்து, ஸ்டாண்டுக்குக் கீழிருந்து மேலே ஏற்றினால் அந்த எண் வராது. வெளியேறும் குழாயை 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் விட்டு, போனில் நேரம் பார்த்தேன். நிரம்ப ஒரு நிமிடம் 45 நொடி. அதாவது மணிக்கு 685 லிட்டர் அளவில். போதுமா?

வாட்கணக்கு:
பெட்டியில் 1400 என்று போட்டிருக்கிறதா, இல்லையா?

குகைவாசி:
போட்டிருக்கிறது!

வாட்கணக்கு:
அப்படியானால் 1400தான். வாளிக் கணக்கெல்லாம் பால்காரரிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

சிமெண்ட்தொட்டி:
அயோத்தியாப்பட்டணத்திலிருந்து. நீங்கள் எல்லாரும் காசு கொடுத்து ஒழிக்கிற பச்சைத் தண்ணீரை நான் பாடுபட்டு வளர்க்கிறேன். வெயிலில் சிமெண்ட் தொட்டி, கொஞ்சம் சாணிக் கரைசல், தண்ணீர் பச்சையானதும் மொய்னா என்கிற நீர்ப்பூச்சியை விட்டால் அது பாசியைத் தின்று பெருகும், மொய்னாவைக் கப்பிக் குஞ்சு தின்று பெருகும். யூவி இல்லாமல் தண்ணீர் தெளிய வேண்டுமா? மொய்னாவை வலைப்பெட்டியில் கட்டி உள்ளே விடுங்கள். மீன் தின்னாமல் பார்த்துக்கொண்டால் அதுவே தெளிய வைக்கும். ஒரு பாக்கெட் வேண்டுமானால் சொல்லுங்கள்.

சூரமங்கலத்தான்:
வியாபாரம் இந்த இழையில் வேண்டாம். நான் கேட்டது கண்ணாடியில் ஒட்டிய பாசி. எல்லாரும் தண்ணீரைப் பற்றியே பேசுகிறீர்கள்.

குகைவாசி:
பாசி பாசிதானே.

புதுமீன்:
வணக்கம் அண்ணன்மார்களே. அம்மாப்பேட்டையில் இப்போதுதான் 2 அடித் தொட்டி வைத்திருக்கிறேன். தண்ணீர் பச்சையாகிவிட்டது. யூவி வாங்கலாமா? அது நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும் என்கிறார்களே, உண்மையா?

குகைவாசி:
தம்பி, தாராளமாக வாங்கு. நல்ல பாக்டீரியா தண்ணீரில் மிதந்துகொண்டிருக்காது. ஸ்பாஞ்சிலும் செராமிக் ரிங்கிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு வாழும். விளக்கைத் தாண்டிப் போவதைத்தான் யூவி கொல்லும், ஒட்டியிருப்பதைத் தொடாது. பயப்படாதே.

சூரமங்கலத்தான்:
ஆகா! எல்லாரும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். “ஒட்டியிருப்பதைத் தொடாது.” ஒட்டியிருக்கும் பாக்டீரியாவைத் தொடாத விளக்கு, ஒட்டியிருக்கும் பாசியை மட்டும் எப்படித் தொடும்? வாட்ஸ்அப்பில் போட்ட “கற்காலம்” என்ன ஆயிற்று?

குகைவாசி:
ஒட்டிய பாசி வானத்திலிருந்தா வந்தது? அதன் வித்து தண்ணீரில் மிதந்து வந்துதான் கண்ணாடியில் உட்கார்கிறது. மிதக்கும்போதே விளக்கில் மாட்டினால் புதிதாக உட்கார ஆள் குறையும். அதைத்தான் சொன்னேன்.

சூரமங்கலத்தான்:
அதைச் சொல்லவில்லை. “பாசி என்ற பேச்சுக்கே இடமில்லை” என்றுதான் சொன்னீர்கள். ஏற்கெனவே கண்ணாடியில் உட்கார்ந்தது அங்கேயேதான் பெருகிக்கொண்டிருக்கிறது. உங்கள் பின்கண்ணாடியைப் படம் எடுத்துப் போடுங்கள் பார்க்கலாம். முன்கண்ணாடி வேண்டாம், பின்கண்ணாடி.

குகைவாசி:
பின்கண்ணாடியில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். தெரியாது.

சூரமங்கலத்தான்:
ஸ்டிக்கர் வெளிப்பக்கம் இருக்கும், பாசி உள்பக்கம் இருக்கும். கறுப்புக்கு மேல் பச்சை இன்னும் பளிச்சென்று தெரியுமே!

வாட்கணக்கு:
அந்தப் புதுத் தம்பிக்கு: யூவி வாங்கும் முன் மணிக்கு எத்தனை லிட்டர் என்று பார். இங்கே யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். 9 வாட்டுக்கு 300 லிட்டருக்கு மேல் ஓடக்கூடாது. ஃபில்டருக்குப் பிறகு தனிச் சின்ன பம்ப் வைத்து, யூவியைத் தனியாக மாட்டு. கலங்கலாகத் தண்ணீர் போனால் ஒளி உள்ளே ஊடுருவாது.

மலைக்காற்று:
300 என்பது யார் போட்ட சட்டம்?

வாட்கணக்கு:
அனுபவம்.

குகைவாசி:
எந்த அனுபவம்? உங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஃப்ளவர்ஹார்ன் மீன். செடி கிடையாது, மணல் கிடையாது. சுரண்ட ஒன்றுமில்லாத தொட்டிக்குக் கணக்குச் சொல்கிறீர்கள். ஃபேர்லேண்ட்ஸ் வீட்டுக்கு வந்து பார்த்தவன்தான் நான்.

வாட்கணக்கு:
வந்தவர் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் என் டிடிஎஸ் மீட்டரை எடுத்துக்கொண்டு போனார். அது எப்போது திரும்பி வரும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

குகைவாசி:
அது கெட்டுப்போன மீட்டர். காவிரித் தண்ணீருக்கும் போர் தண்ணீருக்கும் ஒரே எண் காட்டியது.

வாட்கணக்கு:
கெட்டது மீட்டரா, அளந்த கையா என்று தெரியவில்லை. 1400ஐ 685 ஆக்கிய கை அது.

சிமெண்ட்தொட்டி:
தண்ணீர்ப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். போர் தண்ணீர் ஊற்றுபவர்கள் யாராவது யூவிக் குழாயைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? மேக்னசைட் தாது வெட்டுகிற ஊர் இது, நிலத்தடித் தண்ணீர் பொருக்குக் கட்டும். எங்கள் பக்கத்துத் தொட்டி ஒன்றில் விளக்கைச் சுற்றியிருந்த குவார்ட்ஸ் குழாய், வெந்நீர் போடுகிற அண்டாவின் உள்பக்கம் மாதிரி வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருந்தது. விளக்கு எரிகிறது, ஒளி வெளியே வரவில்லை. வினிகரில் ஊறப்போட்டுத் துடைத்த பிறகுதான் கண்ணாடி என்றே தெரிந்தது.

குகைவாசி:
நான் பார்த்திருக்கிறேன். எரிய விட்டே திறந்து பார்த்தேன், நன்றாக நீலமாக எரிகிறது.

சிமெண்ட்தொட்டி:
எரிய விட்டா? அந்த ஒளியைக் கண்ணால் பார்க்கக்கூடாது சாமி. அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

இன்னொன்று. நீலமாக எரிவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எட்டாயிரம் மணி நேரம் தாண்டினால், அதாவது இரவு பகலாக எரிந்தால் ஒரு வருடத்துக்குள், நீலம் அப்படியே இருக்கும், யூவி-சி குறைந்துவிடும். பல்பை மாற்ற வேண்டும். ஊதா எல்ஈடியைக் காட்டி யூவி என்று விற்கிறார்கள், அது வேறு கூத்து. 395 நானோமீட்டர் எல்ஈடி பாசியை ஒன்றும் செய்யாது.

மலைக்காற்று:
செடி வைத்திருப்பவர்களுக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இலைக்காக ஊற்றுகிற இரும்பு உரத்தை யூவி சிதைத்துவிடும். மருந்து போடும்போதும் அணைக்க வேண்டும். இவ்வளவு தொல்லைக்கு ஒரு விளக்கு. இங்கே மலையில்...

சூரமங்கலத்தான்:
மலையில் பாசி வராது. தெரியும். போதும்.

புதுமீன்:
அண்ணா, கொஞ்சம் குழப்பமாக இருக்கிறது. என் தொட்டி மேற்கு ஜன்னல் பக்கத்தில் இருக்கிறது. மத்தியானம் தொடங்கிச் சாயங்காலம் வரை வெயில் நேராக விழும், மீன் பார்க்க அழகாக இருக்கும் என்று அங்கே வைத்தேன். ராத்திரி பதினொன்று வரை எல்ஈடி எரியும். தீனி மூன்று வேளை. இதற்கும் பாசிக்கும் சம்பந்தம் உண்டா? இல்லை, யூவி வாங்கினால் சரியாகிவிடுமா?

வாட்கணக்கு:
எத்தனை வாட் யூவி? அதன் ஓட்டம் மணிக்கு எத்தனை லிட்டர்? முதலில் அதைச் சொல், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

குகைவாசி:
தம்பி, இவர் பேச்சைக் கேட்டு 300 லிட்டர் பம்ப் வாங்கிவிடாதே.

சிமெண்ட்தொட்டி:
ஜன்னலை மூடு தம்பி. தொட்டியைப் போர்வை போட்டு மூன்று நாள் இருட்டில் வை, தண்ணீர் பாதி மாற்று, தீனியைக் குறை. காசு மிச்சம்.

வாட்கணக்கு:
இருட்டில் வைப்பது பாசிக்கு விடுமுறை. வெளிச்சம் வந்ததும் திரும்பி வரும். யூவிதான் தீர்வு, ஆனால் 1400 லிட்டரில் அல்ல.

சூரமங்கலத்தான்:
ஒரு நிமிடம். “யூவிதான் தீர்வு” என்கிறாரா? நேற்றுவரை என் பக்கம் பேசுகிறார் என்று நினைத்தேன்.

வாட்கணக்கு:
நான் யார் பக்கமும் இல்லை. எண் பக்கம்.

குகைவாசி:
கேட்டுக்கொண்டீர்களா? யூவி தீர்வு என்று எதிரியே சொல்லிவிட்டார். சூரமங்கலம் இப்போது என்ன சொல்கிறது?

சூரமங்கலத்தான்:
பின்கண்ணாடிப் படம் எங்கே என்று சொல்கிறது.

புதுமீன்:
கடைக்குப் போனேன் அண்ணா. யூவி கையிருப்பில் இல்லையாம். பாசியைத் தின்னும் என்று சக்கர் மீன் இரண்டு கொடுத்துவிட்டார்கள். சின்னதாகத்தான் இருக்கிறது.

சிமெண்ட்தொட்டி:
கெட்டது. 2 அடித் தொட்டியில் சக்கரா? ஒரு முழத்துக்கு வளரும். பெரிதானதும் பாசியைத் திரும்பிக்கூடப் பார்க்காது, மற்ற மீனுக்குப் போடும் தீனியைத் தின்றுவிட்டுக் கழிவு போடும். அந்தக் கழிவே பாசிக்கு உரம்.

மலைக்காற்று:
வளர்ந்ததும் கொண்டுபோய் ஏரியில் விடுவார்கள். தமிழ்நாட்டு ஏரிகளில் வலை போட்டால் இதுதான் முள்ளோடு சிக்குகிறது, வலையும் கிழிகிறது. நம் சங்கத்திலேயே ஒருவர் இரண்டு பெரிய சக்கரை ஏரியில் விட்டுவிட்டுச் “சுதந்திரம் கொடுத்தேன்” என்று படம் போட்டாரே, ஞாபகம் இருக்கிறதா குகைவாசி?

குகைவாசி:
அது மூன்று வருடப் பழைய கதை. அப்போது யாருக்கும் தெரியாது. நீங்கள் கூடத்தான் அந்தப் படத்துக்கு இதயம் போட்டீர்கள்.

மலைக்காற்று:
நான் போடவில்லை. என் பையன் போனை எடுத்திருப்பான்.

சூரமங்கலத்தான்:
பையன் மேல் பழி போடுவதும் மலை வழக்கமோ?

மலைக்காற்று:
சூரமங்கலத்தானுக்கு எல்லா ஊருக்கும் ஒரு வழக்கம் கண்டுபிடிப்பதே வேலை. போன மாதம் என்னிடம் வாங்கிய ஜாவா பாசிச் செடிக்குக் காசு தருவது எந்த ஊர் வழக்கம் என்று யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

சூரமங்கலத்தான்:
அந்தச் செடியோடு சேர்ந்து இலவசமாக வந்த நத்தைகளை எண்ணிக் கழித்துக்கொண்டு மிச்சம் கேளுங்கள்.