மொறிஸ் மைனர் சூடானதும் மிஸ் பண்ணுது, உதவி தேவை

அண்ணாமார், தம்பிமார், வணக்கம். அப்பா வைத்திருந்த 1958 மொறிஸ் மைனர் கார், 948 சிசி. காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட் வரும், சுன்னாகத்திலிருந்து நாவற்குழி வரை நல்லா ஓடும், அப்புறம் எஞ்சின் சூடானதும் இழுவை போய், அக்சிலேட்டர் மிதித்தால் குலுங்கி, சைலென்சருக்குள் படபடவென்று வெடிக்கிறது.

பிளக்குக்குத் தீப்பொறி வரவைக்கும் பாயின்ட், கொண்டென்சர் இரண்டும் புதிது. பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் இரண்டாவதில் மட்டும் சத்தம் மாறவில்லை, அதாவது அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை. பிளக்கையும் வயரையும் மூன்றாவதோடு மாற்றிப் போட்டேன், மிஸ் இரண்டாவதிலேயே நிற்கிறது. பழுது ஒரு சிலிண்டரில் மட்டும் என்பதால் நாலுக்கும் பொதுவான கொயிலையோ (தீப்பொறிக்கு மின்சாரம் ஏற்றுவது) காபரேட்டரையோ (பெற்றோலையும் காற்றையும் கலப்பது) நான் சந்தேகப்படவில்லை, மெக்கானிக் காபரேட்டர்தான் என்கிறார்.

கம்பிரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) எஞ்சின் குளிராக இருக்கும்போது மட்டும்தான் பார்த்தோம், நாலும் ஏறக்குறைய ஒன்று. என் சந்தேகம் புகை வெளியேறும் எக்ஸோஸ்ட் வால்வில். ஈயமில்லாத பெற்றோலில் இந்தப் பழைய ஹெட்டின் (எஞ்சினின் மேல் பாகம்) வால்வு சீட், அதாவது வால்வு மூடி உட்காரும் இடம், தேய்ந்து உள்ளே இறங்கும், டப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே விடுவது, 0.012 அங்குலம்) குறைந்து, சூட்டில் வால்வு முழுதாக மூடாது.

சூடாக இருக்கும்போதே கம்பிரஷன் பார்த்தால் இது பிடிபடுமா? பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்து அனுப்பும் டிஸ்ரிபியூட்டர் மூடியில் வெடிப்பு இருந்தாலும் இப்படி வருமா? கடினமான வால்வு சீட் அடித்துத் தரும் லேத் பட்டறை யாழ்ப்பாணத்தில் எங்கே இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ, இந்தக் காரை விற்க மனமில்லை.